புள்ளி பார்க்கும் பேனா

தாமல், காஞ்சிபுரம் பக்கம் பட்டு நெய்கிறவர்களுக்குக் கட்டம் போட்ட தாள் புதிதல்ல. புட்டா எங்கே விழ வேண்டும் என்பதை அதில் வரைந்துகொண்டுதான் ஜக்கார்டு அட்டை குத்துவார்கள். டிஜிட்டல் பேனாவுக்கும் தாள்தான் வழிகாட்டி.

பார்வைக்கு அது வெறும் தாள். உற்றுப் பார்த்தால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்புள்ளிகள். ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து மேலோ கீழோ, இடமோ வலமோ இம்மியளவு நகர்ந்திருக்கும். பேனா முனையருகே உள்ள குட்டிக் கேமரா வரிசைக்கு 6 வீதம் 36 புள்ளிகளைப் பார்த்தாலே போதும், தாளில் எந்த இடம் என்று கண்டுகொள்ளும். சுவீடனின் அனோட்டோ நிறுவனம் கண்ட வழி இது. 2002-இல் லாஜிடெக் இதை வைத்து ஒரு பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மை நிஜ மைதான். தாத்தா எழுதிய கடிதம் தபாலில் போகலாம். பேனா இப்படி இடம் பார்த்துப் பதிந்துகொண்ட அதன் நகல் புளூடூத் வழியே கைப்பேசிக்கு ஏறி, அன்றைக்கே பேரனிடம் சேர்ந்துவிடும். அதைத் தட்டச்சு எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருளும் உண்டு. சொந்தக் கடிதத்துக்கு அது எதற்கு? அண்ணா தம்பிக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் நாம் அச்சில்தானே படித்தோம். அவர் கையெழுத்திலேயே கிடைத்திருந்தால் விடுவோமா?

வாங்க நினைப்பவர்கள் புள்ளித் தாளின் விலையையும் விசாரியுங்கள். சாதாரணத் தாளில் இந்த வகைப் பேனா வெறும் பேனாதான்.