விருந்தினரும் வைப்புத் தொகையும்

சென்ற கோடை விடுமுறையில் குடகு மலையிலே, காப்பித் தோட்டத்தின் நடுவே அமைந்த ஒரு வீட்டில் மூன்று இரவுகள் தங்கினோம். இரவொன்றுக்கு 3,000 ரூபாய் என்ற விளம்பரத்தைக் கண்டே மனம் வைத்தோம். பணம் செலுத்தும் வேளையில் துப்புரவுக் கட்டணமாக 900 ரூபாய் சேர்ந்தது. வாயிலை அடைந்த பின்னர் வைப்புத் தொகை 5,000 ரூபாய் கேட்கப்பட்டது. புறப்படும் நாளில், மேசை விரிப்பில் கறை இருக்கிறதென்று கூறி, அதில் 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டனர். அக்கறை முன்னரே இருந்ததா, நம் கோப்பையிலிருந்து சிந்தியதா என்பதை இன்றும் துணிந்து சொல்ல நம்மால் இயலவில்லை.

கட்டணம் வேறு, வைப்புத் தொகை வேறு. கட்டணம் கொடுத்தவுடனே வீட்டுக்காரருக்கு உரியதாகிவிடுகிறது. வைப்புத் தொகையோ நம்முடைய பணம். சேதம் நேர்ந்தால் ஈடு செய்வதற்காக அவர் கையில் இருப்பது. ஆகவே, பிடித்தம் செய்பவர் சேதம் இன்னது, செலவு இவ்வளவு என்று காட்டக் கடமைப்பட்டவர். நாட்பட்ட புழக்கத்தால் விரிப்பு நைந்துபோவது சேதமாகாது. திருப்பித் தரவேண்டிய தொகையாக இருக்கும் வரையில், அதன்மீது சரக்கு சேவை வரியும் இல்லை.

துப்புரவுக் கட்டணத்தில் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலும் அது தங்கும் நாட்களைக் கணக்கிடாமல் ஒரே தொகையாக விதிக்கப்படுகிறது. ஓர் இரவு தங்குபவருக்கு நாம் கண்ட வீடு 3,900 ரூபாய். மூன்று இரவு தங்கிய நமக்கோ இரவுக்கு 3,300 ரூபாய்தான். அதை அநியாயம் என்று நாம் கருதவில்லை. வீட்டைப் பெருக்கித் துணி வெளுப்பவருக்குக் கூலி வேண்டாமா? முதலிலேயே சொல்லாமல் மறைத்ததுதான் குற்றம். இவ்வாறு விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தும் உபாயத்தை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்துள்ளன.

சட்டம் இதற்கு முன்னரே கண் திறந்திருந்தது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74 ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாலும் அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வெளிப்படையாகவே மிகையான வைப்புத் தொகை கேட்பதையும், நேர்ந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதையும் நேர்மையற்ற ஒப்பந்தத்தின் இலக்கணங்களில் சேர்த்திருக்கிறது. அத்தகைய ஒப்பந்தத்தைப் பற்றிய வழக்கு மாவட்ட ஆணையத்துக்கன்று, மாநில ஆணையத்துக்குச் செல்லும். ஒரு விரிப்புக்காக யார் அவ்வளவு தூரம் நடப்பார்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு சொல் உண்டு. குளியலறைக் குழாயை உடைத்துவிட்டு, வாய் திறவாமல் வண்டியேறும் விருந்தினரும் உளர். வந்தவுடன் இருவருமாக அறைகளைச் சுற்றிப் பார்த்து, உள்ள குறைகளைப் படம் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை எழாது. நாம் அதைச் செய்யத் தவறினோம்.

ஊர் திரும்பியதும், சலவைச் செலவுக்கு ரசீது அனுப்புமாறு எழுதினோம். பத்து நாட்களில் 300 ரூபாய்க்கு ஒரு ரசீது வந்தது; மீதி 1,700 ரூபாயும் உடன் வந்தது.