கிணற்றையும் கணக்கில் எழுதுங்கள்



பாலாற்றங்கரையில் நின்றுகொண்டு பசுமைப் பொருளாதாரம் பேசுகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறியது. வந்த டாலர் நாட்டின் வருமானத்தில் ஏறியது. கழிவுநீரால் உப்பேறிய கிணறு எந்தப் பேரேட்டில் ஏறியது? எதிலும் இல்லை. இந்தக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், தமிழ்நாட்டின் தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனது பதிவானது. புள்ளியியல் துறை எழுதியிருக்க வேண்டிய கணக்கை நீதிமன்றம் எழுதியது, பெரியோர்களே!

தோல் தொழிலைப் பழிக்க நான் வரவில்லை. எத்தனை வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது என்பது எனக்குத் தெரியும். என் வழக்கு கணக்கோடுதான். கிணறு கெட்டதால் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கினோமே, அந்தக் காசும் உள்நாட்டு உற்பத்தியில் வளர்ச்சியாகச் சேர்ந்தது. ஆழ்துளைக் கிணறு போட்ட செலவும் சேர்ந்தது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்டு, இந்த ஆண்டு நல்ல மகசூல் என்று எழுதுகிற கணக்கு இது!

1934-இல் அமெரிக்க செனட்டுக்குத் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுத் தந்த சைமன் குஸ்நெட்ஸே, இதைக்கொண்டு மக்கள் நலத்தை அளக்க முடியாது என்று எச்சரித்தார். பிரிட்டன் அரசுக்காகப் பார்த்தா தாஸ்குப்தா 2021-இல் தந்த அறிக்கை சொல்கிறது: 1992 முதல் 2014 வரை உலகில் மனிதர் கட்டிய சொத்து தலைக்கு இரட்டிப்பானது, இயற்கைச் சொத்து தலைக்கு ஏறக்குறைய 40 சதவீதம் கரைந்தது.

அளக்க வழி இல்லாமல் இல்லை. நீர், நிலம், காடு இவற்றின் இருப்பை எழுதும் முறையை ஐ.நா. 2012-இலேயே ஏற்றது. நம் புள்ளியியல் அமைச்சகமும் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிடுகிறது. ஆனாலும் தேய்ந்துபோன இருப்பை உள்நாட்டு உற்பத்தியில் கழிப்பதில்லை. மரம் நடுவதிலும் இதே கதைதான்: இத்தனை கன்று நட்டோம் என்கிறார்கள். மூன்றாம் கோடையில் உயிரோடு நிற்பது எத்தனை? அதுவல்லவா அளவு!

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியாக, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, அதில் உப்பு எவ்வளவு என்றும் வாசிக்கட்டும். வருகிற அக்டோபர் 2 கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள், தாய்மார்களே: போன வருஷம் எத்தனை அடி, இந்த வருஷம் எத்தனை அடி?