அயல் நரம்பும் நெய்தல் இரங்கலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். கருப்பொருள்களை வகுக்கும் தொல்காப்பியர், தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகின்றார். நெய்தலுக்கு விளரி யாழை உரிமையாக்குவது உரைமரபு. ஒரு நிலத்தின் மீனும் மரமும் போல அதன் இசையும் அந்நிலத்திலேயே விளைவது என்பது இவ்விலக்கணத்தின் உட்பொருள். அவ்வாறாயின், கடல் கடந்த நிலமொன்றில் விளைந்த இரங்கல் இசை தமிழ்க் கலைஞர் ஒருவரின் விரலுக்கு வந்து சேரும்போது, அது யாருக்குரியது?

2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பு இவ்வினாவை எழுப்பிற்று. கருநாடக இசையைக் கிட்டாரில் வாசித்துப் பெயர் பெற்ற பிரசன்னாவின் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்பதே அத்தொகுப்பு. அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குச் செலுத்திய காணிக்கையாக அது அமைந்தது.

எட்டயபுரம் காட்டிய வழி

அயல் நரம்புக்கருவி தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. தூத்துக்குடிக்கு அணித்தே உள்ள எட்டயபுரமே அதற்குச் சான்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பியரின் வயலினைக் கருநாடக இசைக்குள் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர். எட்டயபுரம் அரசவையின் இசைப்புலவராக விளங்கியவர். நின்று வாசிக்கப்பட்ட கருவி இங்கே அமர்ந்து வாசிக்கப்பட்டது. அதன் சுருதி சேர்க்கும் முறையும் மாறிற்று. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அதனை அயற்கருவி என்று எவரும் ஒதுக்குவதில்லை.

கிட்டாரின் நிலை சற்று வேறுபட்டது. வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கிச் செல்லத் தடையில்லை. கிட்டாரிலோ மெட்டுகள் சுரத்தைக் கட்டங்களாகப் பிரித்து விடுகின்றன. கமகமே உயிரான இசைக்கு இது பெருந்தடை. எனினும் வீணையும் மெட்டுடைய கருவியே. மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எட்டுவது வீணைக் கலைஞரின் பழைய உத்தி. கிட்டாரில் தந்தியை வளைக்கும் உத்தியும் அதுவே. ‘புளூஸ்’ இசையின் அழுகுரல் பிறப்பதும் இவ்வளைவில்தான்.

புளூஸ்: உழைப்பிலிருந்து எழுந்த இரங்கல்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில் அடிமைகளாகவும், அடிமை முறை ஒழிந்த பின் வறிய குத்தகை உழவராகவும் வாழ்ந்த கறுப்பின மக்களின் தொழிற்பாடல்களும் வழிபாட்டுப் பாடல்களும் புளூஸின் வேர்கள். முதலடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவது அதன் புகழ்பெற்ற யாப்பு. பன்னிரண்டு தாளக்கட்டுக்குள் இம்மூன்றடியும் அடங்கும். ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் குரல் ஓய, கிட்டார் மறுமொழி சொல்லும். மூன்றாம், ஐந்தாம், ஏழாம் சுரங்கள் முழுமையாக நில்லாமல் சற்றே தாழ்ந்து இரண்டுக்கும் இடையில் நின்று ஊசலாடும்.

இவ்விசையை மின்கிட்டாரின் பேரொலிக்குள் கொண்டு சென்றவர்களுள் தலையாயவர் ஹெண்ட்ரிக்ஸ். 1942இல் சியாட்டில் நகரில் பிறந்து, 1970இல் இலண்டனில் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவருடைய ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ 1968இல் வெளிவந்தது. பிரசன்னாவின் தொகுப்புப் பெயர் அதனையே எதிரொலிக்கின்றது.

தொகுப்பின் இயல்பு

பிரசன்னா சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கப்பல் கட்டும் துறையைப் பயின்றவர் என்பது துறைமுக நகரத்தார்க்குச் சுவையான செய்தி. பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் பயின்றார். இருமரபையும் முறையாகக் கற்றவர் என்பது இத்தொகுப்பை மதிப்பிட இன்றியமையாதது.

ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கை எனினும், ஹெண்ட்ரிக்ஸின் பாடல்களை அவர் திரும்ப வாசிக்கவில்லை. தாமே புதியன இயற்றினார். ராக் இசையின் கிட்டார் முழக்கத்தோடு கருநாடகத் தாள அறிவு கலந்து நிற்கின்றது. ஓர் உருப்படியின் பெயரில் திருவல்லிக்கேணி இடம் பெறுகின்றது, மற்றொன்றில் பெங்களூர். குருவின் சொல்லை ஒப்பிக்காமல், குருவிடம் கற்றதைக் கொண்டு தன் ஊரைப் பேசுவதே மாணவன் செலுத்தும் தக்க காணிக்கை. அவ்வகையில் இத்தொகுப்பு வெற்றி பெறுகின்றது.

குறையும் சுட்டத்தக்கது. விரல் வன்மை மேலோங்கும் இடங்களில் இரங்கல் பின்வாங்குகின்றது. புளூஸில் சுரத்தைப் போலவே ஓய்வும் பொருளுடையது. அவ்வோய்வு இத்தொகுப்பில் அரிதாகவே வாய்க்கின்றது. வேதனையைக் காட்டிலும் வியப்பே செவியில் தங்குகின்றது. கற்றுக்கொள்ளக்கூடியது நரம்பின் வளைவு. அதனை வளைத்த வாழ்வு கற்றலுக்கு எட்டுவதன்று.

முத்தின் உண்மை

‘யாருக்குரியது’ என்னும் வினாவுக்கு விடை இக்கடற்கரையிலேயே உண்டு. தூத்துக்குடியின் முத்துப் பார்களில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1973இல் இதே நகரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். அம்முறை நோக்கத்தக்கது. கடைந்தெடுத்த சிறு மணி ஒன்றை மட்டும் சிப்பிக்குள் இட்டால் போதாது. வேறொரு சிப்பியின் ஓட்டை ஒட்டியுள்ள மென்சவ்வில் ஒரு துண்டை வெட்டி, மணியோடு சேர்த்து வைக்க வேண்டும். அத்துண்டே வளர்ந்து மணியைச் சூழ்ந்து ஒளிப்பூச்சைச் சுரக்கின்றது. ஊட்டம் தருவது ஏற்ற சிப்பி. சவ்வைத் தந்த சிப்பி உயிர் இழக்கின்றது. முத்தைக் காண்போர் அதனை நினைப்பதில்லை.

கலையிலும் கொடை பெறுவது இவ்வாறே நிகழ்கின்றது. பெறுவது தவறன்று, தந்தவரை மறப்பதே தவறு. புளூஸ் பாடிய கறுப்பினக் கலைஞர் பலர் உரிய ஊதியமும் உரிமையும் பெறாமலே மறைந்தனர். பிரசன்னா தம் தொகுப்பின் தலைப்பிலேயே கடனை அறிவித்தது இதனாற்றான் மதிக்கத்தக்கதாகின்றது. வால்ட் விட்மனைப் பெயர் சொல்லிப் போற்றிய எட்டயபுரத்துப் பாரதியும், தம் புதுக்கவிதைக்கு விட்மனின் தூண்டுதலை வெளிப்படையாக ஏற்ற ந. பிச்சமூர்த்தியும் அந்நேர்மையின் முன்னோர்.

அம்பாப் பாட்டு

எஞ்சியிருப்பது மற்றொரு கடன். கரைவலை இழுப்போரும் துடுப்பு வலிப்போரும் பாடிய அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுக்க, மற்றவர் ‘ஏலேலோ’ என்று மறுமொழி கொடுப்பர். புளூஸின் வேரான தொழிற்பாடல்களும் அதே அமைப்பின. இரண்டும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. விற்கப்பட்ட மனிதரின் துயரம் வேறு, கடலுக்குள் சென்றவரை எதிர்நோக்கும் துயரம் வேறு. ஆயினும் உழைக்கும் உடலின் மூச்சே இரண்டிலும் யாப்பாயிற்று.

புளூஸ் 1920 முதல் இசைத்தட்டில் ஏறிற்று. அதனாலன்றோ மிசிசிப்பி வயலின் குரல் திருவல்லிக்கேணி வரை வந்தது! அம்பாவோ, இயந்திரப் படகின் ஒலியில் தன் தேவையை இழந்து, முதியோரின் நினைவில் மட்டும் ஒதுங்கி நிற்கின்றது. சங்கப் புலவர் நெய்தலைப் பாடினர். வலை இழுத்தவர் தாமே பாடியது ஏட்டில் ஏறவில்லை.

பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் திரேஸ்புரத்துக்கும் மணப்பாட்டுக்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லல் வேண்டும். பாட்டைப் பதிவு செய்யுங்கால் பாடியவர் இசைவைப் பெற்று அவர் பெயரையும் பதிவு செய்தல் வேண்டும். நாளை இக்கடற்கரையின் இளைஞன் ஒருவன் கிட்டாரைக் கையில் எடுக்குங்கால், ஹெண்ட்ரிக்ஸின் குரலோடு தன் பாட்டனின் குரலும் அவன் செவிக்குக் கிடைத்தல் வேண்டும். விளரி யாழ் மறைந்தது; அம்பாவும் மறைய வேண்டுவதில்லை.