நெய்தல் பாலையாகும்போது



பத்தாம் ஆண்டு விழாவில் கோடையைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாழும் நமக்கு வெயிலைப் பற்றி ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் இவ்வூரை விட்டு விலகி, பாக்கு நீரிணையிலுள்ள நெடுந்தீவின் கோடையை உங்கள்முன் வைக்கிறேன். என்னை அங்கே இட்டுச் சென்றது திணை பற்றிய ஓர் ஐயம்.

தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. வேனிலையும் நண்பகலையும் பொழுதாகத் தந்தார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். நெய்தல் திரிந்து பாலையாகுமா? கடல் வற்றுவதில்லை, ஆகவே அக்கேள்வி எழவில்லை போலும்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் மக்கள் வாழ்பவற்றில் மிகத் தொலைவில் இருப்பது நெடுந்தீவு. பரப்பு 50 சதுரக் கிலோமீட்டருக்குள் அடங்கும். புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஆறில்லை, மலையில்லை. முருகைக்கல்லும் சுண்ணாம்புப் பாறையுமான தட்டை நிலம். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து தீர்ந்துவிடும். நமக்கேனும் ஆடி, ஆவணியில் மாலை இடியோடு ஒரு மழை வாய்க்கும். அங்கே அதுவும் அரிது. வைகாசிக்குப் பின் சோழகக் காற்று வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், நிலம் மேலும் காயும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பமானியை மட்டும் பார்த்தால் அத்தீவு நம்மைவிடக் குளிர்ச்சியானது. 2003 மே இறுதியில் சென்னை 45 பாகை செல்சியசு வெப்பத்தைக் கண்டது. கடற்காற்று சூழ்ந்த அத்தீவுக்கு அத்தகைய சூடு இல்லை. அங்கே கோடை என்பது வெப்பமன்று, தண்ணீர்.

மழைநீர் சுண்ணாம்புப் பாறையுள் இறங்கி, நிலத்தடியில் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் எடை குறைவு, அதனால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் நூலார் கணக்கு. இதன் மறுபக்கம் அச்சம் தருவது: மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். அளவறிந்து இறைக்காதவன் தன் கிணற்றை மட்டுமன்றி அண்டை வீட்டான் கிணற்றையும் உவராக்குகிறான். கோடையில் விடியுமுன்னே பெண்கள் குடத்தோடு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடப்பதன் காரணம் இதுதான். இரவெல்லாம் ஊறியது விடியலில் இனிக்கும். இறைக்க இறைக்கக் கரிக்கும். பட்டையைக் கிணற்றடியில் தட்டாமல், கலக்காமல், மேல்நீரை மட்டும் அள்ளத் தெரிந்த கை வேண்டும். சாராப்பிட்டிக் கிணறுகளின் பெயரை அத்தீவினர் மதிப்போடு சொல்வது வியப்பில்லை.

நீருக்கு அடுத்தது பனை. சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆடி, ஆவணியில் பழம். பழத்தைப் பிசைந்து, களியைப் பாயில் ஊற்றி, வெயிலில் காயவைத்தால் பினாட்டு. விதையை மண்ணில் பாத்தியிட்டால் கிழங்கு. கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். மீன் கருவாடாவதும் இதே வெயிலில்தான். நாம் பழிக்கும் வெயிலை அவர்கள் சேமிக்கிறார்கள். புல் கருகியபின் பசுவுக்குப் பனையோலையைக் கிழித்துப் போடுவார்கள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பாடியபோது கூழையும் பனங்கட்டியையும் பாட்டுக்குள் கொணர்ந்தார். குழந்தைப் பாடல் என்று நாம் ஒதுக்கும் அதில் ஒரு நிலத்தின் வேனிலுணவு முழுவதும் இருக்கிறது. பட்டம் பெற்ற நம்முடைய பாடல்களில் அத்துணை இருக்கிறதா என்பது ஐயமே.

வேலிகூட அங்கே கல்தான். முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் தெருவெங்கும் நீள்கின்றன. வெளியே, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொணரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை உரிமையாளரின்றித் திரிகின்றன. வறட்சி நீளும் ஆண்டுகளில் அவை நீரின்றி மடிவதும் உண்டு. பாலைக்கு வலியழிந்த யானையைக் கருப்பொருளாக்கியது இலக்கணம். இங்கே வலியழிந்த குதிரை.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. அதுவும் அங்கே குறைவின்றி இருக்கிறது. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் பிழைப்புக்கும் படகேறியே ஆக வேண்டும். 1985 மே 15 அன்று, அதாவது ஒரு கோடை நாளில், குறிகாட்டுவானை நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினர்மீதே குற்றம் சாட்டப்பட்டது. அன்றும் படகேறியவர்கள் அன்றாட வேலைக்கென்று புறப்பட்டவர்களே. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் கடல் கடந்தன. ஆளற்ற மனைகளைச் சுற்றி அந்தக் கல்வேலிகள் மட்டும் நிற்கின்றன.

அதே தீவகத்தில், கரம்பனில், 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். சங்கப் பாடல்களின் இயற்கையை உலகத்தாருக்கு ஆங்கிலத்தில் விளக்கியவர். திணையை ஏட்டில் மட்டும் கற்றிருக்க மாட்டார் என்றே நான் எண்ணிக்கொள்கிறேன். இது என் ஊகம், சான்று கேட்காதீர்கள்.

நெய்தல் பாலையாகும் என்றால் மருதமும் ஆகும். ஏரிகளால் ஆன நம் நாடு மருதமே. 2015 திசம்பரில் நிரம்பி அச்சுறுத்திய செம்பரம்பாக்கம் ஏரி 2019 சூனில் தரை வெடித்துக் கிடந்தது. நம் தெருக்களிலும் ‘நல்ல தண்ணீர்’, ‘உப்புத் தண்ணீர்’ என்ற அதே இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று லாரியிலும் கேனிலும் வருகிறது. மற்றது ஆழ்துளைக் கிணற்றில் வருகிறது. பொருள்வயிற் பிரிந்தோரோ நம்மைச் சூழவே இருக்கிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, விடுதி அறையில் பலராய்த் தங்கி, இரவுப் பணிக்குப் பேருந்தேறும் இளம்பெண்கள் அவர்கள். பழைய பாலையில் தலைவன் பிரிந்தான், தலைவி காத்திருந்தாள். ஒரகடத்தில் பிரிந்து வந்தவள் தலைவி. விடுதி உணவு கெட்டதை எதிர்த்து 2021 திசம்பரில் அவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள், செய்தித்தாள்கள் எழுதின. நம் வட்டத்தில் அதைப் பற்றி ஒரு கவிதையும் நான் கேட்டதில்லை. சித்திரைதோறும் சூரியனைத் தீப்பந்து என்றும் நெருப்பாறு என்றும் பாடியவற்றை நிறையவே கேட்டிருக்கிறேன். அவற்றுள் நல்லனவும் உண்டு. எனினும் அவற்றில் ஒரு குடம்கூட இல்லை.

அடுத்த மாதக் கூட்டம் கத்திரி வெயிலில்தான் நடைபெறவுள்ளது. இரவுப் பணி முடித்து வந்தவள் குளிக்க எத்தனை வாளி நீர் கிடைத்தது, அது எந்த நீர் என்று சொல்லும் பாட்டை எவரேனும் கொணர்ந்தால், முன்வரிசையில் அமர்ந்து கேட்கக் காத்திருக்கிறேன்.