கைநாட்டுக்கு முன்



ஆராய்ச்சிக்கென இரத்தம் கேட்டு வருவோரைக் கண்டால் நம் தெருக்களில் கதவு சாத்தப்படுகிறது. இதனை அறியாமை என்று இகழ்வாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்குப் பழங்குடிச் சிறுமியர் பலர் உட்படுத்தப்பட்டனர். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் ஒப்பமிட்டனர். மறு ஆண்டே அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. அச்சத்திற்குக் காரணம் உண்டு.

ஆயினும் 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வை எண்ணிப் பாருங்கள். நெரிசலில் வாழ்ந்த ஏழைகளே அதில் பங்கேற்றனர். ஒரு சாரார் சானடோரியத்திலும், மறு சாரார் வீட்டிலும் ஓராண்டு மருந்துண்டனர். நல்லுணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். பெருந்துறை போன்ற சானடோரியங்களில் கட்டில் கிடைக்காதோரும் பிழைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்கள் அவ்வேழைகளே. வசதி படைத்தோரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

ஆகவே, படித்த இளைஞர் ஒருவர் முதியவரின் அருகமர்ந்து ஒப்புதல் படிவத்தைத் தமிழில் உரக்கப் படிக்கட்டும். எதற்காக, எத்தனை நாள், தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்கட்டும். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்தாய்வினால் தீங்குற்றோருக்கு இழப்பீடு உண்டு. விரும்பியபோது விலகவும் உரிமையுண்டு. ஒப்பமிட்ட படிவத்தின் நகலைப் பெறாமல் எவரும் எழுந்து வரலாகாது.