அறுபத்தைந்தில் ஒரு சோதனை
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

என் தமையனார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடித் திருப்பூர் வந்தவர். புலாலும் மதுவும் அறியார். கதிர் மறைந்தபின் உண்ணார். ஆயினும் பனியன் கம்பெனியின் இரவு ஷிப்டில் தொற்றிய சிகரெட் மட்டும் நாற்பதாண்டு அவரை விடவில்லை. சென்ற ஆண்டு சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி 4.2 செ.மீ. அளவுக்குப் புடைத்திருந்தது. அவருக்கோ ஒரு வலியும் இல்லை!

அக்குழாயின் இயல்பான விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ.; 3 செ.மீ.யை எட்டினால் வீக்கம் என்பர். நைந்த சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பது போன்றது இது. வெடித்தால் மருத்துவமனை சேருமுன்னரே பலர் உயிர் துறப்பர். புகைக்குழாய்ப் பழக்கமுடைய அறிவியல் மேதை ஐன்ஸ்டைன் 1955ஆம் ஆண்டு மறைந்தது இவ்வாறே.

65 வயது கடந்த ஆடவர், புகைத்தவர், இரத்தக் கொதிப்பு உள்ளவர், தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் கண்டவர் ஆகியோர்க்கே இடர் மிகுதி. நம் உணவு நெறி உயர்ந்தது; ஆனால் புகையின் தீங்கை அது துடைத்துவிடாது.

இங்கிலாந்தில் 65 வயது ஆடவரை அரசே ஒருமுறை சோதனைக்கு அழைக்கிறது. ஏறத்தாழ 68,000 ஆடவரிடம் நடத்தி 2002ஆம் ஆண்டு அங்கு வெளியிட்ட ஆய்வில், அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு 42 விழுக்காடு குறைந்திருந்தது. நமக்கு அத்தகைய அழைப்பு வாராது. மருத்துவரிடம் நாமே கேட்கவேண்டும்.

செய்வது வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்றே. ஊசியில்லை, வலியில்லை, கால்மணியில் முடியும். வீக்கம் இருப்பினும் அஞ்சற்க. 5.5 செ.மீ.க்குக் குறைவாயின் பெரும்பாலும் அறுவை வேண்டா. குறித்த இடைவெளியில் அளந்து வருவர். புகையை விடுவதும் கொதிப்பை அடக்குவதும் நம் பங்கு. திடீரெனக் கடும் வயிற்றுவலியோ முதுகுவலியோ மயக்கத்துடன் வந்தால் மட்டும் ஒரு நொடியும் தாழ்க்கலாகாது.

தமையனார் சிகரெட்டை விட்டார். உடன்பிறந்தவன் என்பதால் நானும் சோதித்துக்கொண்டேன், குறையில்லை. பிறவுயிர்க்கு ஊறு செய்யாமையை நோன்பாகக் கொண்டவர் நாம். தன்னுயிர்க்கு இழைக்கும் ஊறும் இம்சையே அன்றோ? இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பெரியவரின் வயதையும் புகைப்பழக்கத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தாமாகச் செல்லாதவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.