சுவரில் மாட்டிய குடும்பங்கள்

ஆய்வாளர்களே, மாணவ மாணவியரே, தறியை விட்டு எழுந்துவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையார்பாளையத்துப் பெரியோரே!

ஒளிப்படத்தையும் தமிழ்க் குடும்பத்தையும் பற்றிப் பேசக் காஞ்சிபுரம் எதற்கு, அதிலும் பிள்ளையார்பாளையம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஆவணக் காப்பகம் சென்னையில் இருக்கிறது. பழைய ஸ்டுடியோப் படங்களைத் திரட்டியவர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள். இங்கே என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. தமிழர் வீட்டுக் கல்யாணப் படம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் எடுத்ததோ, சிங்கப்பூரில் எடுத்ததோ, டொராண்டோவில் எடுத்ததோ, மணப்பெண் மேல் இருப்பது காஞ்சிப் பட்டு. இல்லாவிட்டால் காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்ற ஒன்று. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் இந்த இரண்டாவது வகைக்குக் குறைவில்லை என்பது முன்வரிசைக்கு நன்றாகவே தெரியும். ஆக, நம் குடும்பப் படங்களின் பாதிப் பரப்பு இந்தத் தெருக்களில் நெய்ததுதான்.

நெய்தவர் வீட்டுப் படத்தைத் தேடிப் போனால் வேறொரு சங்கதி தெரிகிறது. இங்கே சில வீடுகளில் சுவரில் மாட்டிய படங்களை இறக்கித் துடைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். பெரியவர் நாற்காலியில் இருக்கிறார், மனைவி பக்கத்தில் நிற்கிறார், பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் தூணும் மாடிப்படியும் வரைந்த திரை. நான் பார்த்த எந்தப் படத்திலும் தறி இல்லை. தறியைப் படம் எடுக்கிறவர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். அவர்கள் எடுப்பதில் குழித்தறியும் கையும் நாடாவும் அழகாக விழுகின்றன, குடும்பம் விழுவதில்லை. ஸ்டுடியோக்காரர் குடும்பத்தை எடுத்தார், தறியை வெளியே விட்டுவிட்டார்.

ஆனால் தறிதான் அந்தக் குடும்பத்தைக் கட்டியிருந்தது. கோர்வைச் சேலை என்பது உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. நெய்பவர் ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. மறு பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் தம்பியாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், பல காலம் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையாகவே இருந்தது. தார் சுற்றியது அம்மாவும் பாட்டியும். முந்தி முடிந்ததும் கூலி வாங்கியது அப்பா. இந்த உறவுமுறையை ஸ்டுடியோ நாற்காலியைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது. நாற்காலி சொல்வதெல்லாம் யார் தலைவர் என்பது மட்டும்.

இந்தக் கருத்தரங்கில் நான் வைக்க விரும்பும் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நவீன காலம் வந்துதான் குடும்பம் பல வகையாயிற்று, காமிரா அந்தப் பன்மையைப் பதிவு செய்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். முந்தைய குடும்பங்களும் பல வகையாகத்தான் இருந்தன. ஒரே மாதிரி இருந்தது நாற்காலியும் திரையும். அந்த ஒரே சாயலுக்குள் மாறுபட்ட குடும்பங்கள் எப்படி நுழைந்தன என்று படத்தின் ஓரங்களில் தேடுவதே நம் வேலை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1839இல் பாரிசில் அறிவித்த கலை, 1850களில் சென்னை ராஜதானியில் காலூன்றிவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் அரசு ஒளிப்படக்காரராக மதுரைக்கும் தஞ்சைக்கும் போய்க் கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். ஆட்கள் அதில் அளவுகோலாக நின்றால் உண்டு. குடும்பம் படத்துக்குள் வந்தது ஸ்டுடியோக்கள் பரவிய பிறகு. அந்த ஸ்டுடியோக்களின் மிச்சத்தைத்தான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சோயி ஹெட்லியும் குழுவினரும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தேடி மின்னாக்கம் செய்தார்கள். அவர்கள் தேடிப் போவதற்குள் எவ்வளவோ போய்விட்டது. கண்ணாடித் தட்டுகளைக் கழுவிச் சட்டங்களுக்குக் கண்ணாடியாகப் போட்டார்கள்; நெகட்டிவ்களை வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். ஒரு தலைமுறையின் முகங்கள் சில கிராம் வெள்ளியாயின. யாரையும் குறை சொல்ல முடியாது. கடை வாடகை கொடுக்க வேண்டும் அல்லவா?

தப்பித்த படங்களில் என்னை அதிகம் நிறுத்துபவை ஒட்டுப் படங்கள். இந்த ஊர் வீடு ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தப் படத்தில் மூன்று பெண்கள், இரண்டு பிள்ளைகள். மேல் மூலையில் ஒரு முட்டை வடிவத்துக்குள் ஓர் ஆண் முகம். மற்றவர்கள் முகத்தில் வெளிச்சம் இடமிருந்து விழ, அவர் முகத்தில் வலமிருந்து விழுகிறது. வேறு எங்கோ, வேறு எப்போதோ எடுத்த படத்திலிருந்து வெட்டி வைத்தது. இறந்தவரா என்று கேட்டேன். வீட்டுப் பாட்டி சிரித்தார். பெங்களூரில் தறி ஓட்டப் போனவராம், அப்போது உயிரோடுதான் இருந்தாராம். "நிக்கிற ரெண்டு பேரும் அவர் சம்சாரம்தான், உட்கார்ந்திருக்கிறது அவங்க மாமியார்" என்றார். யார் மூத்தவர், யார் இளையவர் என்பதைப் படத்தில் யாரும் காட்டவில்லை. இரண்டு பெண்களும் மாமியாருக்கு இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். அதை ஏற்பாடு செய்தது ஸ்டுடியோக்காரரா, மாமியாரா? மாமியார்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

அந்தப் படத்துக்குத் தேதி இல்லை. கூட வந்திருந்த நெசவாளர் ஒருவர் ஆட்களைப் பார்க்கவே இல்லை, கரையைப் பார்த்தார். ருத்ராட்சம், பக்கத்தில் மயில்கண், இது அடை கட்டி நெய்தது, ஜக்கார்டு வந்த பிறகு இந்த அளவில் யாரும் போடமாட்டார்கள் என்றார். சேலை கறுப்பாகத் தெரிகிறதே, துக்கமா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அரக்காக இருக்கும் என்றார் அவர். சரியான விடை: அந்தக் காலத்துத் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது, அரக்கும் சிவப்பும் கறுப்பாகவே விழும். எத்தனை மணப்பெண்களை நம் நூல்கள் கறுப்புச் சேலையில் நிறுத்தியிருக்கின்றனவோ. குடும்பப் படத்தைப் படிக்க மானிடவியல் மட்டும் போதாது, நெசவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் முன்வரிசையை இன்று அவர்களுக்கு ஒதுக்கச் சொன்னேன்.

இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றமெல்லாம் சூழ்ந்து நின்று எடுத்துக்கொண்ட படங்களும் நம்மிடம் உண்டு. இன்றைய இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு முறைகூட ஸ்டுடியோ போகாத மனிதருக்கு அதுதான் ஒரே படம். அந்த ஒரு நாளில்தான் பிரிந்து கிடந்த பங்காளிகள்கூட ஒரே சட்டத்துக்குள் வந்தார்கள். குடும்பம் எவ்வளவு தூரம் விரிந்தது என்பதற்குக் கல்யாணப் படத்தைவிடச் சாவுப் படம் நம்பகமான சான்று.

இந்த ஊர் என்றால் அண்ணாவைச் சொல்லாமல் முடியாது. 1909இல் இங்கே நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சித்தி இராசாமணி அம்மாள், அவருக்குத் 'தொத்தா', அவர்தான் வளர்த்தார். அண்ணாவுக்கும் இராணி அம்மையாருக்கும் பிள்ளையில்லை; அக்காவின் பேரப்பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். வளர்த்தவர் சித்தி, வளர்ந்தவர்கள் அக்காவின் பேரப்பிள்ளைகள். இன்றைக்கு இப்படி ஒரு குடும்பத்தைக் கண்டால் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறோம். அன்று ஊர் அதைக் குடும்பம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தது.

அவர் முதல்வரான 1967இல்தான் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் ஒன்றைச் செல்லாது என்று சொல்லியிருந்தது. ஆனால் சட்டம் வருமுன் அத்தகைய திருமணங்கள் நடந்த நாற்பதாண்டுப் படங்கள் வீடுகளில் இருக்கின்றன: ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மேடையில் தலைவர், ஒலிபெருக்கி, மாலையோடு இரண்டு பேர். சட்டம் கல்யாணம் இல்லை என்று சொன்ன காலமெல்லாம் சுவரில் கல்யாணம் இருந்தது. இதே கதை மறுபடி நடந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள்; 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, திருநங்கையும் மணமகளே என்று தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பந்தான் என்றது. படம் எப்போதும் தீர்ப்புக்கு முன்னால் போயிருக்கிறது. வழக்கு எண் இல்லாத படங்களைத் தேடுவது நம் பொறுப்பு.

அரசும் ஒரு குடும்பப் படம் வைத்திருக்கிறது, அதை மறந்துவிடுகிறோம். 2017இல் வந்த ஸ்மார்ட் ரேஷன் அட்டையில் ஒரே முகம், குடும்பத் தலைவருடையது. மகளிர் உரிமைத் தொகை பேச்சாக இருந்த 2021இல், பணம் வேண்டுமென்றால் அட்டையில் பெண்ணின் படம் இருக்க வேண்டும் என்று செய்தி பரவி, படத்தை மாற்ற மக்கள் அலைந்தார்கள். அப்படி மாற்றத் தேவையில்லை என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்தச் சில நாட்களில் எத்தனை வீடுகளில் அட்டையின் முகம் யாருடையது என்ற பேச்சு முதல் முறையாக எழுந்திருக்கும்! அந்தத் திட்டம் 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், இதே காஞ்சிபுரத்தில் தொடங்கியது. தனித்து வாழும் மணமாகாத பெண்ணும், கைம்பெண்ணும், திருநங்கையும் தலைமை தாங்கும் குடும்பங்களைக் குடும்பம் என்று அதன் விதிமுறை எழுதிவைத்தது. ஸ்டுடியோ நாற்காலி ஒரு நூற்றாண்டில் செய்யாத காரியம்.

உலகத்தைச் சுருக்கமாகத் தொடுகிறேன். 1955இல் நியூயார்க்கில் எட்வர்ட் ஸ்டைக்கன் 503 படங்களைக் கண்காட்சியாக வைத்து மனிதகுலம் ஒரே குடும்பம் என்று காட்டினார். கூட்டம் அலைமோதியது. வேறுபாடுகளை உருக்கி ஒன்றாக்கிவிட்டார் என்று ரோலான் பார்த் சாடினார். நான் பார்த் பக்கம். நம் பக்கத்து அனுபவம் ஒன்றே போதும்: 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் கையில் இருப்பதும் குடும்பப் படந்தான். பிறந்த நாளுக்கோ பள்ளிக்கோ எடுத்த ஒன்று, சான்றாவணமாகிவிட்டது. அதை மானுடப் பொதுமை என்று சொல்லி ஒரு கண்காட்சிச் சுவரில் மாட்ட எனக்குக் கை வராது.

இனிப்பான செய்தியும் இருக்கிறது. வேலை படத்துக்குள் வந்துவிட்டது. ஒளிப்படக்காரர் வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் வீட்டாரையே எடுக்கிறார். இன்னொரு ஒளிப்படக்காரரான பழனிக்குமார் மீன் விற்கும் தன் தாயை எடுத்து, எழுதியும் வைத்திருக்கிறார். பிள்ளை காமிரா பிடிக்கும்போது தாய் நாற்காலியில் உட்காருவதில்லை, கூடையோடு இருக்கிறார். தறியை வெளியே விட்ட ஸ்டுடியோவுக்கு இப்படித்தான் பதில் சொல்ல முடியும். பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் யாராவது இதைச் செய்துகொண்டிருந்தால், மதிய உணவுக்கு முன் என்னை வந்து பாருங்கள்.

கைப்பேசியைப் பற்றி நாளை முழு அமர்வு இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். மகன் டல்லாஸில், மகள் சென்னையில், தாத்தா இங்கே. பொங்கலன்று எல்லாரும் வீடியோ அழைப்பில் கூடி, யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். அதுதான் இன்றைய குடும்பப் படம். அதில் நாற்காலி இல்லை, நடு இடம் இல்லை. பேசுகிறவர் பெட்டி முன்னால் வருகிறது. மருமகள் பேசினால் மருமகள் முன்னால். பாட்டி கைப்பேசியைத் தாழப் பிடிப்பதால் அவர் பெட்டியில் பாதி மின்விசிறி. ஆனால் இந்தப் படத்தை யாரும் அச்சிடுவதில்லை. கைப்பேசி மாறும்போது போய்விடும். எடைக்குப் போட்ட நெகட்டிவிலாவது வெள்ளி கிடைத்தது.

கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்குத் தலைவர் என்ற முறையில் சில வேண்டுகோள். படத்தைத் திரையில் காட்டும்போது அது யார் வீட்டில் இருந்தது, காட்டச் சம்மதம் சொன்னது யார் என்று முதலில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் காட்டாதீர்கள், கட்டுரை கெட்டுப்போனாலும் பரவாயில்லை. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்தும் ஸ்டுடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். பெயர்களை வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், ஆண்களுக்குப் பாதி உறவு நினைவிருக்காது. வெட்டியெடுத்த இடம் இருந்தால், வெட்டப்பட்டது யார் என்று ஒரு முறை கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம். சேலை தெரிந்தால் அதை முன்வரிசையில் காட்டிவிட்டுத் தேதி போடுங்கள்.

மதியம் தார்க்கட்டைகளோடு சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தறி எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இந்த ஊரைவிட்டு யாரும் போகக் கூடாது என்பது அவர்கள் கட்டளை. அதனால் நேரத்தைக் கறாராகப் பார்ப்பேன்: ஆளுக்கு இருபது நிமிடம். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.